ஸ்பேனர் பிடித்த மச்சான் மகள்

இன்று திருச்செங்கோடு பேருந்தில் மச்சான் ஏறினார். என் பக்கத்தில் உட்கார்ந்ததும் லட்டுப் பெட்டியை நீட்டினார்.

"புள்ளைக்கு இன்ஜினியரிங்ல நேரா ரெண்டாம் வருசம் கெடைச்சிருச்சுங்க மச்சான். உங்க பையன் காலேஜுதானுங்க, அதே வகுப்பு!"

பத்தாவது முடித்ததும் அவளை ஐ.டி.ஐ.யில் சேர்த்தார். "பொட்டப்புள்ள ஸ்பேனர் புடிக்கவா?" என்று சிரித்தவன் நான். அவள் அங்கிருந்து பாலிடெக்னிக் போய், இப்போது அதே வகுப்புக்கு வந்துவிட்டாள். என் மகனையோ மதிப்பெண்ணுக்காக இரண்டு வருடம் நாமக்கல் ஹாஸ்டல் பள்ளியில் அடைத்து வைத்தேன்.

வீட்டில் சொன்னேன். மகன் துள்ளினான்.

"நல்லதாப் போச்சுங்கப்பா! ஒர்க்‌ஷாப்ல இனி அவளையே கேட்டுக்கறேன்."

லட்டு வேறு நன்றாக இருந்து தொலைத்தது.

என் பத்தாவது மார்க்‌ஷீட்டைத் தேடி எடுத்துவிட்டேன். ஐ.டி.ஐ.யில் ஐம்பது வயதுக்காரனைச் சேர்ப்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மச்சானிடம் மட்டும் சொல்லாதீர்கள்.