அமைதிப் பெட்டியில் நான் பேசிய எட்டு நிமிடம்

நாங்கள் அப்போது மொன்றியலில் அஹுன்ட்சிக் பகுதியில் இருந்தோம். காலையில் நகர மையத்துக்குப் போகும் ரயிலில் முதல் பெட்டி அமைதிப் பெட்டி. கதவுக்குப் பக்கத்தில் பிரெஞ்சில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். தொலைபேசி மணி அடிக்கக் கூடாது, காதில் மாட்டிய பாட்டு வெளியே கேட்கக் கூடாது, பேசித்தான் ஆகவேண்டும் என்பவர்கள் அடுத்த பெட்டிக்குப் போகவும் என்று அதில் இருந்தது. தாளில் எழுதாத சட்டங்கள் அதைவிடப் பத்து மடங்கு. பேப்பர் படிக்கும் மனிதர், ரயில் பிரேக் போட்டுக் கிறீச்சிடும்போதுதான் தாளைப் புரட்டுவார். இருமல் மிட்டாய் சாப்பிடும் ஒரு பெண் வீட்டிலேயே உறைகளை உரித்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டு வருவாள். குளிர்ச்சட்டையின் ஜிப்பை ரயில் மேடையிலேயே திறந்துவிட்டு ஏறவேண்டும். உள்ளே வந்து இழுத்தால் அது ஒரு குற்றம்.

இருக்கைகளிலும் ஒரு கணக்கு இருந்தது. பெட்டியின் இரண்டு முனையிலும் நாலு நாலு இருக்கைகள் எதிரெதிரே பார்த்தபடி இருக்கும். அங்கே இருந்தால் முழங்கால் முட்டும், கண்ணும் முட்டும், பேச்சு வந்துவிடும். ஆகவே வேறு இடமே இல்லாவிட்டால்தான் அங்கே போய் இருப்பார்கள். மற்ற இருக்கைகளில் பாதி போகிற திசையைப் பார்க்கும், பாதி வந்த திசையைப் பார்க்கும். நடுவில் திசை மாறுகிற இடத்தில் இரண்டு வரிசை முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். என் இடம் அதில் ஜன்னலோரம். சாய்மானம் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும். பின்னால் இருப்பவர் ஏறும்போது பார்த்தால் உண்டு, அதற்குப் பிறகு அவர் உங்களுக்கு இல்லை.

முதல் கிழமையே என் தொலைபேசி அடித்து மானம் போனது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் என் சப்பாத்தைப் பார்த்தார்கள். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், எனக்கு மூக்கின் மேல் கோபம். இவர்கள் அதற்கும் வழி விடவில்லை. அன்று நான் ஒரு முடிவு எடுத்தேன். இந்தப் பெட்டியில் என்னைவிட அமைதியான ஆள் இருக்கக் கூடாது.

அப்படியே ஆனேன். ஆனது போதாதென்று காவல்காரியாகவும் ஆனேன். ஒருநாள் தமிழ்நாட்டுப் பையன்கள் இரண்டு பேர், பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்தவர்கள், சிரித்துக் கும்மாளமடித்துக்கொண்டு ஏறினார்கள். நான் எழுந்து போய், தம்பிமாரே, இது பேசுகிற பெட்டி இல்லை, அடுத்ததுக்குப் போங்கோ என்று தமிழிலேயே சொன்னேன். பாவங்கள், சாரி ஆன்ட்டி என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தமிழரின் மானத்தையே நான் தூக்கி நிறுத்திவிட்ட மாதிரி எனக்கு ஒரு பெருமை. பேப்பர்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை வீட்டுக்கு வந்து என் கணவருக்கு மூன்று தரம் சொன்னேன்.

அடுத்த நிலையத்தில், வில்லரேப் பக்கத்திலிருந்து, ஒரு இளம் பெண் ஏறுவாள். எனக்குப் பின்னால், முதுகோடு முதுகு. கறுத்த நிறம், கழுத்துக்கு மேலே வெட்டிய சுருள் முடி, கையில் எப்போதும் தடித்த பிரெஞ்சுப் புத்தகம். டிக்கெட் பார்க்க வருகிறவரோடு கியூபெக் பிரெஞ்சில் ஒன்றிரண்டு சொல் பேசுவாள், அச்சு அசல் இந்த ஊர்ப் பிள்ளை. ஹெயிட்டியிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். யாரையும் பார்த்தவுடன் ஊர், இனம், குடும்பம் எல்லாம் சொல்லிவிடுவேன் என்பது என் நினைப்பு. ஏறும்போது ஒரு பொன்ஜூர் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சில நாள் அந்தச் சிரிப்பு ஒரு நொடி கூடுதலாக நின்று எதையோ எதிர்பார்க்கிற மாதிரி இருக்கும். நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் ஒரு காலை. அவள் ஏறி, ரயில் புறப்பட்டுக் கொஞ்ச தூரத்தில், தண்டவாளம் மாறும் இடம் பனியில் இறுகிவிட்டதென்று நிறுத்திவிட்டார்கள். ஓடுகிற ரயிலின் அமைதி வேறு, நின்ற ரயிலின் அமைதி வேறு. அதில் மூச்சுவிடுவதே சத்தம். அந்த நேரம் பார்த்து என் கைப்பைக்குள் தொலைபேசி நடுங்கியது. ரொறொன்ரோவிலிருந்து பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா. அவர் வேலைநாள் காலையில் அழைப்பவர் இல்லை. பெரியம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து எடுத்துவிட்டேன்.

பெரியம்மா சுகமாக இருந்தார். விஷயம் கல்யாணம். அக்காவின் மகனுக்கு மொன்றியலில் ஒரு பெண் பேசி வந்திருக்கிறது. தாய் தகப்பனின் பெயரைச் சொல்லி, அவர்கள் ஒரு காலத்தில் உன் வீட்டுக்குக் கீழ் வீட்டில் இருந்தார்களாமே, பெண் எப்படி, குடும்பம் எப்படி என்று கேட்டார். அக்கா வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்கு வருகிறார்களாம், அதற்கு முன் தெரியவேண்டுமாம்.

எங்கள் ஆட்களுக்குள் இது ஒரு பதவி. கல்யாணப் பேச்சுக்கால் தொடங்கினால் இரண்டு பக்கமும் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். அந்த நாலு பேரில் ஒருவராக இருப்பதில் ஒரு சுகம் உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய். பேந்து எடுக்கிறன், இப்போது முடியாது என்று சொல்லித் தொலைபேசியை வைத்திருக்கலாம். தொலைபேசியைக் கையால் மூடி, ஜன்னல் பக்கம் குனிந்து, குசுகுசுவென்று பேசத் தொடங்கினேன். பேப்பர்காரர் இருமினார். ரயில் நிற்கிறது, அவசரம் என்று கையைக் காட்டினேன். இந்தப் பெட்டியில் தமிழ் யாருக்கு விளங்கப் போகிறது என்ற துணிவு.

குடும்பம் நல்ல குடும்பம் என்றேன். தகப்பன் உழைப்பாளி, தாய் தங்கமான மனிசி. அக்கா ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். நல்லது மட்டும் சொன்னால் விசாரித்ததற்கே அர்த்தமில்லை என்று எனக்குள் ஏதோ குறுகுறுத்தது. அப்போது அந்தப் படிக்கட்டு நினைவுக்கு வந்தது. பிள்ளைக்கு ஏழு வயதிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தது, கீழ்ப் படியில் விழுந்து கைகால் இழுத்துக்கொண்டு கிடந்தது. நான்தான் ஓடிப்போய்த் தலையை மடியில் வைத்து, அம்புலன்ஸ் வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, நான் சொன்னதெண்டு வெளியிலை விடாதேங்கோ,” என்று தொடங்கி, பிள்ளையின் பெயரையும் சொல்லி, “சின்ன வயசிலை வலிப்பு இருந்தது. அடிக்கடி வாறது,” என்றேன்.

நான் கண்டது ஒரே ஒரு தரம். அடிக்கடி என்ற சொல் எங்கிருந்து வந்ததென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கதை எடுபடட்டும் என்று வாய் தானாகச் சேர்த்துக்கொண்டது. அக்கா மறுபக்கத்தில் ஐயோ கடவுளே என்றார். நல்ல காலம் உன்னைக் கேட்டேன் என்றார். எட்டு நிமிடம் பேசியிருந்தோம், திரையில் காட்டியது. ரயிலும் புறப்பட்டது. ஒரு கடமையைச் செய்து முடித்த நிறைவோடு தொலைபேசியைக் கைப்பைக்குள் வைத்தேன்.

நகர மையத்தில் எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். பின் இருக்கைப் பெண் நகராமல் நின்றாள். புத்தகம் மூடியிருந்தது. முகத்தில் இரத்தமே இல்லை.

“அன்ரி,” என்றாள். “எனக்கு அது ஒருக்காத்தான் வந்தது.”

தூக்கிவாரிப் போட்டது என்று எழுதுவோமே, அப்படி உடம்பு உண்மையிலேயே ஒருமுறை துள்ளியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

மேடையில் அவளாகத்தான் பேசினாள். குரல் உயரவில்லை. தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறி வந்தது, ஆனால் முழுக்க எங்கள் தமிழ். இரண்டு வருடம் மருந்து குடித்தாளாம், டொக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டாராம், பிறகு வந்ததேயில்லை. அக்காவின் மகனுக்கு அவள் எல்லாம் சொல்லியிருக்கிறாள், அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. பெரியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகச் சேர்ந்து சொல்வதாக இருந்தார்களாம்.

நான் ஏதேதோ உளறினேன். நீ என்று தெரியாது பிள்ளை என்றேன். தெரியாமல் இருந்தால் சொன்னது சரியாகிவிடுமா என்று அவள் கேட்கவில்லை, எனக்கே கேட்டது. நான் யாரென்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அம்மான்ரை அல்பத்திலை உங்கடை படம் இருக்கு. உன்னைத் தூக்கிக் காப்பாத்தினது இந்த அன்ரி எண்டு அம்மா சொல்லுவா. நீங்கள் அந்த ரெண்டு பெடியளோடை கதைச்ச அண்டைக்குத்தான் கண்டுபிடிச்சனான். வந்து கதைக்க நினைச்சனான். பேந்து, நீங்கள் இந்தப் பெட்டியிலை கதைக்கிறது பிடிக்காத ஆள் எண்டு விட்டிட்டன்.”

அதைச் சொல்லிவிட்டு அவள் படியேறிப் போய்விட்டாள். நான் மேடையில் எவ்வளவு நேரம் நின்றேனென்று தெரியாது. வெட்கம் என்ற சொல் போதாது. என் கையைப் பார்த்தேன். அந்தத் தலையைப் பிடித்திருந்த கை அது.

அங்கேயே நின்று அக்காவைத் தொலைபேசியில் எடுத்தேன். அதற்குள் அவர் கணவருக்குச் சொல்லியாகிவிட்டது, தங்கைக்குச் சொல்லியாகிவிட்டது, மகனை வேலையிலிருந்து கூப்பிட்டு அழுதும் ஆகிவிட்டது. அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. நான் கூட்டிச் சொல்லிவிட்டேன், அது ஒரு தரம்தான், இப்போது ஒன்றுமே இல்லை என்றேன். ஆராவது உன்னை வெருட்டினவையோ என்று அக்கா கேட்டார். முதலில் சொன்னதைத்தான் அவர் நம்பினார். திருத்திச் சொன்னதற்கு ஒரு காரணம் தேடினார். நான் பதறிப்போய், அந்தப் பிள்ளை என்னோடு ஒரே ரயிலில்தான் தினமும் வருகிறாள், எனக்குப் பின்னால்தான் இருக்கிறாள், ஒரு குறையும் இல்லை என்று உளறிவிட்டேன்.

அக்காவின் குரல் மாறியது.

“அப்ப நல்லதாப் போச்சு. ரெண்டு மூண்டு மாசம் பாத்துக்கொண்டிரு. ஏதும் வருதோ எண்டு பாத்துச் சொல்லு. பேந்து யோசிப்பம்.”

உலகத்தில் மிகச் சாதாரணமான உதவியைக் கேட்பது போலக் கேட்டார். ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு, அவளுக்கு உடம்பு இழுக்கிறதா என்று ஒட்டுக்கேட்கச் சொல்கிறார். எனக்கு விறைத்துப் போனது. ஆனால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி என்னிடமே இருந்தது. நான் முடியாது என்று சொல்லவில்லை. பார்ப்பம் என்றேன். நல்லபடி சொன்னால் கல்யாணம் சரிவரும்தானே என்று ஒரு மனம் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் வந்தாள். பெட்டி நிறைந்திருந்தது, எனக்குப் பின்னால் அவளுடைய அந்த இருக்கை மட்டும் காலி. முனையில் எதிரெதிர் இருக்கை ஒன்றும் காலியாக இருந்தது, அங்கே போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பொன்ஜூர் சொல்லாமல் வந்து இருந்தாள். ரயில் புறப்பட்டது.

நான் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு வரி ஓடவில்லை. என் காது பின்னால் இருந்தது. தாள் புரளும் சத்தம், சப்பாத்து அசையும் சத்தம், மூச்சு. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு விளங்கியபோது கழுத்து வியர்த்தது. அந்தக் கணம் பார்த்துப் பின்னால் டொக்கென்று ஏதோ விழுந்தது. நான் யோசிக்கவேயில்லை. துள்ளி எழுந்து, சாய்மானத்துக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

புத்தகம் கீழே விழுந்திருந்தது. அவள் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது என் முகம் அவள் தலைக்கு மேலே இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் எதற்காக எட்டிப் பார்க்கிறேனென்று அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அதை அவள் கண்ணில் கண்டேன்.

“எனக்கு ஒண்டுமில்லை, அன்ரி,” என்றாள்.

முழுக்குரலில் சொன்னாள், அந்தப் பெட்டியில். எல்லாத் தலையும் திரும்பியது. பேப்பர்காரர் உதட்டில் விரலை வைத்து உஷ் என்றார், அவளைப் பார்த்து. அவள் தலையைக் குனிந்து, பர்தோன் என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்த மனிதருக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய நூறு விஷயம் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு, ஓடுகிற ரயிலில் தடுமாறி, சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த அடுத்த பெட்டிக்குப் போனேன். அமைதிப் பெட்டியில் பிறகு நான் ஏறவில்லை.

அன்று மாலை வேலை முடிந்ததும் அக்காவுக்கு எடுத்தேன். அந்தப் பிள்ளையைப் பார்க்கிற வேலையை நான் செய்ய மாட்டேன், என்னைக் கேட்காதேங்கோ என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அக்கா பெருமூச்சு விட்டார். விளங்குது, ஏதோ கண்டிட்டாய், வாயாலை சொல்ல உனக்கு மனம் வரேல்லை என்றார். நான் இல்லை அக்கா, இல்லை என்று கத்தக் கத்த அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்று அன்றிரவே பெண் வீட்டுக்குச் சொல்லிவிட்டார்கள்.