தலைவருக்கு அளவெடுத்த போடியம்

ஏழாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அப்படிப்பட்டவன் என்னென்ன உண்டாக்கினான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு மைக் செட் கடை. கீற்றுக் கொட்டகையில் ஆரம்பித்து, ஓடு போட்டு, கடைசியில் மாடியும் கட்டினேன். மாடிக்குப் படிக்கட்டு வைக்க மறந்துவிட்டதால் இன்றைக்கும் இரும்பு ஏணியில்தான் ஏறுகிறோம். பழைய ரேடியோக்களைப் பிரித்து நானே செய்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று. அது சூடானால் பேச்சுக்கு நடுவே இலங்கை வானொலியும் கேட்கும் என்று சிலர் சொல்வார்கள், பொறாமை. தொழிற்சங்கத்து வாயிற் கூட்டங்களுக்காக, சைக்கிள் கேரியரில் பேட்டரியும் ஹாண்டில்பாரில் குழாய் ஸ்பீக்கரும் கட்டி நான் ஓட்டிய நடமாடும் ஒலிபெருக்கி ஒன்று. பிற்பாடு அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படிக் கட்டினார்கள். அவர்கள் பிரேக்கும் வைத்துக் கட்டினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். என்னுடையது முதல் நாளே ஆலையின் மதிலில் போய் முட்டியது. தொழிலாளர்கள் அதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள்.

இவ்வளவுக்கும் மேல், நான் செய்த போடியங்கள். பேசுகிறவர் முன்னால் நிற்கிற அந்தச் சாய்வு மேசைக்குப் போடியம் என்று ஒரு பெயர் இருப்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. நாங்கள் பொட்டி என்போம். ஆனால் பெயர் தெரியாவிட்டாலும் குணம் தெரியும். எந்த இடத்துக்கு எந்தப் பொட்டி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். கட்சி மேடைக்குப் பலகை கெட்டியாக இருக்க வேண்டும், அவர்கள் குத்துவார்கள். தேவாலயத்துக்குப் புத்தகம் வழுக்காமல் கீழே ஒரு தடுப்பு வேண்டும். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அகலம் வேண்டும். தலைமையாசிரியர் பரிசுக் கோப்பைகளையும் அதன்மேல்தான் வைப்பார். வாயிற் கூட்டத்துக்குப் பொட்டியே கூடாது. போலீஸ் வந்தால் ஓட வேண்டுமல்லவா.

உயரத்துக்கு ஒரே கணக்குதான். பேசுகிறவரை நிற்க வைத்து, நெஞ்சுக்குக் கீழே நான்கு விரல் விட்டு டேப் பிடிப்பேன். தையற்காரன் மாதிரி ஆளைப் பார்த்து அளவெடுத்துப் போடியம் செய்கிறவன் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் நான் ஒருவன்தான். இதை ரொம்பப் பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது.

உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கென்று இடம் ஒதுக்கிய புதிது. பூந்தமல்லிக்கு மேற்கே, பாரிவாக்கம் தாண்டிப் போகிற வழியில் ஓர் ஊரில் ஒரு பெண் ஊராட்சித் தலைவராக ஜெயித்திருந்தார். அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அவர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பாக்கிங் செக்‌ஷனில் இருந்தவர். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் புதிதாகச் சமுதாயக்கூடம் கட்டியிருந்தார்கள். அதற்கு ஒரு போடியமும், எடுத்துப் போகிற மாதிரி ஒரு மைக் செட்டும் வேண்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தக் கூடத்தில் நடக்கப்போகிற முதல் கிராம சபையிலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. குடிதண்ணீர்த் தொட்டி எங்கே கட்டுவது என்பதுதான் விஷயம். காலனிப் பக்கம் என்று அந்த அம்மா வாக்குக் கொடுத்து ஜெயித்திருந்தார். கோயில் பக்கம் என்று பழைய தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய தலைவர் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த வீட்டுக்காரர். புதுத் தலைவரின் கணவர் ஓட்டுகிற லாரியும் அவருடையதுதான். அதனால் அந்த அம்மா எழுந்து தன் வாயால் கேட்டு, ஜனம் கை தூக்கினால்தான் தொட்டி காலனிக்கு வரும். வேறு யார் பேசினாலும் கோயில் பக்கம் போய்விடும். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் சொன்னார்கள். எனக்கு அப்போது போடியத்துக்கு வார்னிஷ் எந்த நிறம் என்பதுதான் கவலை.

அளவெடுக்க அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் வெள்ளைச் சட்டை போட்டு நெடுநெடுவென்று ஒருவர் நின்றுகொண்டிருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவரைப் பார்த்து "வணக்கம் தலைவரே" என்றார்கள். அவரும் கொஞ்சம் கூச்சத்தோடு, ஆனால் விடாமல், கும்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் "தலைவரே, கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க" என்று டேப்பைப் பிடித்துவிட்டேன்.

உள்ளேயிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மா வந்தார்.

"இன்னாணா, யாருக்கு அளவு எடுக்கிற?"

"தலைவருக்கும்மா."

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

"அவரு என்னவிட ஒரு மொழம் ஒசரம்ணா."

"பரவால்லம்மா," என்றேன். "ஒசரமா இருந்தாத்தான் மேடைக்கு லட்சணம்."

அந்த வாக்கியத்தை நான் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

தச்சு வேலை என் மச்சானுடையது. மூளை என்னுடையது. போடியத்தின் வயிற்றுக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர், முன்பக்கம் இரண்டு ஸ்பீக்கர், மேலே வளைகிற கழுத்தோடு மைக். கூட்டம் முடிந்தால் மைக்கைத் திருகிக்கொண்டு போகிறவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அதனால் போல்ட் போட்டு முடுக்கி, ஸ்பானர் பிடிக்காதபடி அதன் தலையையும் அரத்தால் ராவிவிட்டேன். எடுத்துப் போகிற செட் கேட்டார்களே என்று அடியில் நான்கு சக்கரம் வைத்தேன். சக்கரத்தால் உயரம் இன்னும் நாலு விரல் ஏறியது. அதையும் லட்சணத்தில் சேர்த்துக்கொண்டேன்.

என் மனைவி கடைக்கு வந்து பார்த்தாள். கடையில் பாதி வேலை அவளுடையது. ஒயர் சுற்றுவதில் அவளுக்கு நிகர் கிடையாது. போடியத்தின் பின்னால் போய் நின்றாள். அவள் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"யோவ், அந்தம்மா என்னவிடக் குள்ளம்யா. இத யாருக்குச் செஞ்ச?"

"தலைவருக்கு."

"தலைவரு அந்தம்மாதான்யா. நீ அவரு நெஞ்ச அளந்துகினு வந்துகீற."

"ரெண்டு பேருக்கும் ஒரே ஊடுதானே," என்றேன்.

இந்தப் பதிலைக் கேட்டதும் அவள் ஏணியில் ஏறி மாடிக்குப் போய்விட்டாள். ஆனால் கிராம சபை நாளன்று, கேட்காமல் கொள்ளாமல், விளம்பரத்துக்கு ஓட்டுகிற எங்கள் ஆட்டோவில் பழைய பேட்டரி செட்டை ஏற்றிவிட்டாள். மேலே ஒரு குழாய், உள்ளே சுருள் ஒயரோடு ஒரு கை மைக். "ஓன் பொட்டிய நம்பி நான் வர்ல," என்றாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஆட்டோவை நானே ஓட்டிப் போய், கூடத்தின் பக்கவாசலை ஒட்டி நிறுத்தினேன். ரிவர்ஸ் கியர் விழாது என்பதால் வண்டியைத் திருப்பி நிறுத்த முடியவில்லை. குழாய் தெருவைப் பார்த்தபடி நின்றது.

கூடம் நிறைந்திருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே பாய், முன்வரிசையில் நாற்காலி. நான் போடியத்தைத் தள்ளிக்கொண்டு மேடைக்குப் போனபோது கைதட்டல் எழுந்தது. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றேன். என் குரலே எனக்குப் பிடித்துப்போய் இன்னும் இரண்டு தடவை சொன்னேன்.

பிறகு மரியாதை ஆரம்பித்தது. வந்தவர்கள் எல்லாம் அந்த அம்மாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்தியதை எடுத்து எங்கே வைப்பது? போடியத்தின் மேல்தான். எல்லா மேடையிலும் அதுதான் வழக்கம். இத்தனை வருஷம் பார்த்தும் அது என் புத்தியில் ஏறவில்லை. சால்வைமேல் சால்வை, அதன்மேல் ரோஜா மாலை. குவியல் ஏற ஏறச் சால்வைகள் முன்பக்கமாகச் சரிந்து இரண்டு ஸ்பீக்கர்களையும் மூடிக்கொண்டன. கடைசியில் அந்த அம்மா பேச எழுந்து வந்து போடியத்தின் பின்னால் நின்றபோது, தலையில் வைத்திருந்த மல்லிகைப் பூ மட்டும் தெரிந்தது. அவர் பேசியது கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"மாமே, பூவு பேசுதுடா," என்றான் பின்வரிசையில் ஒருவன். கூடம் முழுக்கச் சிரித்தது.

பழைய தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். கோபமில்லாத, ரொம்ப அன்பான குரல். அதுதான் பயமாக இருந்தது.

"ஏம்மா, ஒனக்கு எதுக்கு இந்தச் செரமம்? ஊட்டுக்காரரு பேசட்டுமே. எல்லாம் ஒண்ணுதானே."

கணவர் முதலாளியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு எழுந்து வந்து போடியத்தின் பின்னால் நின்றார். தைத்துப் போட்ட சட்டை மாதிரி கச்சிதமாகப் பொருந்தியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சரியாக அமைந்த அளவு வேறு கிடையாது. ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணா, அந்த மைக்க மட்டும் கழட்டிக் குடு."

கழற்ற வரவில்லை. ஸ்பானர் வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கின் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். மைக் வரவில்லை, போடியம் வந்தது. சக்கரம் வைத்தவன் நான்தானே. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் மேடையின் குறுக்கே உருண்டு போனதை அந்த ஊர்க் குழந்தைகள் ரொம்ப நாள் நடித்துக் காட்டிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. கணவர் மட்டும் போடியத்தை விடாமல் அதன் பின்னாலேயே நடந்து வந்தார்.

அப்போது பக்கவாசலில் என் மனைவி கை மைக்கோடு நின்றாள்.

"எம்மா தலைவரே, இங்க வா. ஒயரு அங்க வரிக்கும் எட்டாது."

அந்த அம்மா மேடையை விட்டு இறங்கினார். ஒயர் எட்டிய இடம் பெண்கள் உட்கார்ந்திருந்த பாய்க்கு நடுவில். அங்கேயே நின்றார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான்தான் தலைவரு. பாக்காதவங்க பாத்துக்கங்க, இம்மாந்தான் நான்."

சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு.

"ஊர்ல மூணு கெணறு கீது. எங்க பக்கம் ஒரே ஒரு கைபம்பு. அத அடிச்சி அடிச்சி எங்கம்மாவுக்குத் தோள்பட்ட போச்சு. கோயிலு பக்கம் தொட்டி கட்னா சாமிக்குத் தண்ணி கெடைக்கும், வேணாங்கல. ஆனா சாமி கொடத்த எடுத்துகினு நிக்கல, நாங்கதான் நிக்கிறோம். காலனி பக்கம் வேணும்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க."

மைக் கூடத்துக்குள், குழாய் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் மைக் தன் சத்தத்தையே வாங்கிக் கீச்சிடுகிற அந்த ஊளை கொஞ்சம்கூட வரவில்லை. இது தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். அதைவிடப் பெரிய விஷயம், குழாய் தெருவைப் பார்த்து நின்றதால் அந்தப் பேச்சு காலனிக் கைபம்பு வரைக்கும் போனது. கூட்டத்துக்கு வராமல் அங்கே வரிசையில் நின்றிருந்த பெண்கள், இடுப்பில் குடத்தோடு அப்படியே வந்து பக்கவாசலில் நின்றார்கள். ஒரு கையில் குடம், இன்னொரு கை மேலே.

ஊர்ப் பக்கத்து ஆட்கள் மேடையைப் பார்த்தார்கள். மேடையில் கணவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். பழைய தலைவர் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. கணவர் கையைத் தூக்கினார். அவ்வளவு உயரமான மனிதர், அவ்வளவு உயரமான போடியத்துக்குப் பின்னால் நின்று தூக்கிய கை. கூடத்தின் கடைசி மூலை வரைக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு ஊர்த் தெரு ஆட்களிலும் பாதிப் பேர் தூக்கினார்கள்.

லாரி வேலை போயிற்று. அவர் பிறகு வேறு ஒருவருக்கு ஓட்டினார். தொட்டி காலனிப் பக்கம் எழுந்தது. திறப்பு விழாவில் அந்த அம்மா என் மனைவிக்குச் சால்வை போர்த்தினார். என்னைப் பார்த்து "அண்ணாவும் வந்துகீறாரு" என்றார். அவ்வளவுதான்.

தொட்டியின் அடியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், ஒப்பந்தக்காரர், மோட்டார் வாங்கிக் கொடுத்தவர், வார்டு உறுப்பினர்கள் என்று எத்தனையோ பெயர். கோயில் பக்கம் கேட்ட பழைய தலைவரின் பெயர்கூட 'முன்னிலை'யில் இருக்கிறது. என் பெயர் இல்லை. நான் நியாயத்தைத்தான் கேட்கிறேன். நான் சரியான உயரத்தில் போடியம் செய்திருந்தால் அந்த அம்மா அதன் பின்னாலேயே நின்று, சால்வைகளுக்குள்ளே பேசி முடித்திருப்பார். யாருக்குக் கேட்டிருக்கும்? போல்ட்டை நான் ராவாமல் விட்டிருந்தால் மேடையை விட்டு இறங்கியிருப்பாரா? எங்கள் ஆட்டோவுக்கு ரிவர்ஸ் விழுந்திருந்தால் கைபம்புக்குக் குரல் போயிருக்குமா? அளவு தப்பாமல் இருந்தால் அந்த மனிதர் தூக்கிய கையை யார் பார்த்திருப்பார்கள்? இதை என் மனைவியிடம் கேட்டால், "அப்ப கல்லுல 'தப்பு செஞ்சவரு'ன்னு போடச் சொல்லு," என்கிறாள். எப்படிப் போட்டாலும் சரி, போட வேண்டும்.

ஊராட்சிக்காரர்கள் இதைப் படித்தால் கவனிக்கட்டும். கல்வெட்டில் கடைசி வரிக்குக் கீழே ஒரு சாண் இடம் காலியாகக் கிடக்கிறது. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதில் 'ஒலி, ஒளி அமைப்பு' என்று போட்டு என் பெயரைச் செதுக்க வேண்டும். அன்றைக்குப் பட்டப்பகல், ஒளி நான் அமைக்கவில்லைதான். ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் முறை.