இடுப்புக் கயிற்றில் முள்வாங்கி

அப்பா மலை ஏறுவார், இறங்கத்தான் முடியாது. மூன்று வருடமாக எங்கள் வீட்டில் இதுதான் சண்டை.

சாமைக் காட்டில் காலையிலிருந்து குனிந்து களையெடுப்பார், ஒரு முனகல் இருக்காது. வெள்ளிமலை ரேஷன் கடைக்கு இறங்கி நடக்கச் சொன்னால் நாற்பது அடியில் இரண்டு காலும் மரத்து, வழியிலேயே குந்திவிடுவார். குந்தினால் சரியாகிவிடும். யார் நம்புவார்கள்?

"காட்டுல வலிக்காதாம், கடைக்குப் போனாத்தான் வலிக்குதாம். நல்ல காலுடா சாமி!" என்பாள் அம்மா மூக்காயி.

கச்சிராயபாளையத்தில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு 'தேய்மானம்' என்று மாத்திரை கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நரம்பு தெரியாது. கள்ளக்குறிச்சிக்கு மாதம் ஒருமுறை வரும் முதுகெலும்பு டாக்டர்தான், குனிந்தால் வலி போகிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கீழ்முதுகுல நரம்பு போற வழி குறுகியிருக்கும்னு நினைக்கிறேன். எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க. அதைப் பார்த்தாத்தான் என்ன பண்றதுன்னு சொல்ல முடியும்."

அடுத்த மாதம் அவர் வருகிற சனிக்கிழமை காலையிலேயே மூவரும் ஸ்கேன் சென்டரில் இருந்தோம். மதியம் இரண்டு மணிக்கு அவர் கிளம்புவதற்குள் படம் கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு மாதம் போய்விடும்.

ஸ்கேன் எடுக்கும் சுபாஷ் மூன்று தடவை கேட்டார். "இரும்பு, சாவி, தாயத்து எதுனா இருக்குதாய்யா?" மூன்று தடவையும் அப்பா இல்லை என்றார். நான் கேட்டதற்கும் இல்லை என்றார்.

கால் மணி நேரத்தில் சுபாஷ் எங்களைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். முதுகெலும்பு மேலிருந்து அழகாக இறங்கி வந்து, இடுப்பருகில் கரி அப்பியதுபோல் மறைந்துபோயிருந்தது. டாக்டருக்கு வேண்டியது சரியாக அந்த இடம்தான்.

"யாரோ இடுப்பப் புடிச்சு இழுத்த மாரி இருந்துச்சு," என்றார் அப்பா, புகார் சொல்கிறவரைப் போல.

மேலங்கியைத் தூக்கினால் அரைஞாண் கயிறு. அதில் முதுகுப் பக்கமாக விரல் நீளத்துக்கு, காலில் தைத்த முள்ளைப் பிடுங்கும் முள்வாங்கி. நல்ல இரும்பு.

"இத்தனவாட்டி கேட்டாங்களேப்பா!"

"முள்வாங்கி எப்பவும் இருக்கறதுதான? இதப்போயி இன்னான்னு சொல்றது?"

சுபாஷ் கத்தரிக்கோலை எடுத்தார். அப்பா இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ஆம்பளைக்கு அரைஞாணு அறுக்கறது செத்த அன்னிக்குத்தான். நான் இன்னும் சாவல."

மணி பன்னிரண்டு. அடுத்த ஆளை உள்ளே அனுப்பிவிட்டார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா வெளியே போனாள். பெட்டிக்கடையில் சிவப்புக் கயிறு வாங்கிவந்தாள். "கையத் தூக்குய்யா." புதுக் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டாள். அதன் பிறகுதான் பழையதில் கத்தரியை வைத்தாள். "இடுப்பு ஒரு நிமிசம்கூட வெறுசா இல்ல, பாத்துக்க. சாவு கீவுன்னு பேசிக்கினு இருக்காத, போய்ப் படு."

ஒன்றேமுக்காலுக்குப் படம் கையில் இருந்தது. டாக்டர் அதை விளக்கில் மாட்டினார். "நாலாவது எலும்புக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல பாருங்க. மேல எவ்வளவு தாராளம், இங்க நூல் மாதிரி. நிமிர்ந்தா இன்னும் நெருக்கும், குனிஞ்சா கொஞ்சம் தளரும். இறங்கும்போது உடம்பு நிமிருது, அதான் வலி."

"எறங்க முடியுமாங்க, இனிமே?" என்றார் அப்பா.

"ஆறு வாரம் பயிற்சி, மாத்திரை. குறையலன்னா ஆபரேஷன். பெரும்பாலும் முடியும்."

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? பொய்யின்னியே, படத்துலயே இருக்குது."

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலைக்குத் திரும்பும் பேருந்திலேயே அப்பா முள்வாங்கியைப் புதுக் கயிற்றில் கோத்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு இறக்கம். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வழக்கமாகத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். நாற்பது அடி ஆனதும், அப்பா கூப்பிடும் முன்பே நின்றாள்.

"குந்துய்யா," என்றாள்.