மந்தைவெளியில் இறங்கிய மனைவி

எழுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி மூன்று வாரம். மயிலாப்பூரில் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். ஆனால் டீக்கடையில் சட்டம் பேச மட்டும் என்னை விட்டால் ஆளில்லை.

அப்போது சைக்கிளில் டபுள்ஸ் போனால் போலீஸ் பிடிக்கும். இது நியாயமா என்று டீக்கடையில் தினமும் சண்டை.

"காருக்கு இன்சூரன்ஸ் கீது, இடிச்சா கம்பெனி துட்டு தரும். உன் பொண்டாட்டிய நீ கீழ தள்னா யாரு நைனா தருவா?" என்றார் எங்கள் மேஸ்திரி.

"நான் ஓட்னா தலைல வெச்ச பூகூட உதிராது மேஸ்திரி" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடையாற்றில் அக்கா வீட்டில் விருந்து. மனைவியைக் கேரியரில் உட்கார வைத்துக் கிளம்பினேன். ஊரிலிருந்து வந்தவள், பட்டணத்து வழக்கம் தெரியாது. சொல்லிக் கொடுத்தேன்: போலீஸ்காரர் கண்ணில் பட்டதும் குதித்துவிட வேண்டும், நான் யாரென்றே தெரியாத மாதிரி நடந்து, அவரைத் தாண்டிய பிறகு ஏறிக்கொள்ள வேண்டும். டபுள்ஸ் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

மந்தைவெளி ஜங்ஷனில் அழகாகக் குதித்தாள். நான் போலீஸ்காரருக்கு ஒரு சலாம் வைத்துத் தாண்டி, மெதுவாக மிதித்தேன். கேரியர் தடக்கென்று அதிர்ந்தது. ஏறிவிட்டாள் என்று வேகம் எடுத்தேன்.

வழியெல்லாம் பேச்சு. அக்கா வைக்கும் மீன் குழம்பு, நான் ஏறாத உயரமே இல்லை என்கிற என் பெருமை. அவள் பதிலே சொல்லவில்லை. புதுப்பெண், வெட்கம் என்று இன்னும் அளந்தேன். அடையாறு பாலத்தில் பக்கத்தில் வந்த ஒரு சைக்கிள்காரர் கேட்டார், "இன்னா மாமா, தனியா பேசிக்கினு போற?"

திரும்பினேன். கேரியர் காலி. அதிர்ந்தது ஏதோ பள்ளத்தில் இறங்கி.

ஏறும்போது விழுந்துவிட்டாளோ, பின்னால் பஸ் வந்ததோ என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்த வழியே மிதித்தேன். ஜங்ஷனில், போலீஸ்காரரின் குடைநிழலில், ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். வரிசையாக வந்த பஸ்களுக்காக அவர் அவளைக் கை காட்டி நிறுத்தியதில் என்னைத் தவறவிட்டிருக்கிறாள்.

"சார், இது என் சம்சாரம்" என்றேன் மூச்சு வாங்க.

அவர் அவளைக் கேட்டார், "யாரும்மா இந்த ஆளு?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருன்னே தெரியாதுங்க." சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள்.

கூட்டம் கூடிவிட்டது. "மூஞ்சப் பாத்தாலே தெர்ல? புள்ள புடிக்கிறவன் மாரி கீறான்" என்றாள் ஒரு பூக்காரி.

வேறு வழியில்லை. "டபுள்ஸ் வந்தோம் சார். தெரியாத மாரி நடன்னு நான்தான் சொன்னேன்."

குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் அவள் வாய் திறந்தாள். "இப்பத் தெரியுதுங்க. இவருதான்."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேஸ் வாணாம். அடையாறு வரைக்கும் வண்டியத் தள்ளிக்கினு நட. அந்தம்மாவும் கூட வரட்டும்."

நடந்தோம். ஒற்றை அறை வீட்டில் அப்பா, அம்மா, தம்பிகள் என்று அத்தனை பேருக்கு நடுவில் நாங்கள் அதுவரை பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டோம். அன்றைக்கு அவள் நான் சலாம் வைத்ததை நடித்துக் காட்டினாள், பூக்காரி மாதிரி பேசினாள், பாலத்தில் நின்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படியொரு தண்டனை யாருக்குக் கிடைக்கும்.

இன்றைக்கும் என் பெருமையை நான் அளக்கத் தொடங்கினால், அவள் பின்னால் இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். இருந்தால் நிம்மதி, பேச்சையும் பாதியாகக் குறைத்துக்கொள்வேன்.