மண்டைக்குள் பன்னிரண்டு விமானம்

டம்ளரில் கரண்டி பட்டு ஓசை எழுந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த கிறிஸ்துதாஸ் கண்ணைத் திறக்காமலே வலது கையை உயர்த்தினார். சமையற்கட்டில் ஓசை நின்றது. சாராள் சர்க்கரையைக் கலக்காமல் காப்பியைக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். முதல் வாய் கசந்தது, முகம் சுளித்தார். கடைசி வாய் பாகாக இனித்தது, அதற்கும் சுளித்தார். "ஒரு காப்பி ஒழுங்கா வருதா இந்த ஊட்ல? அப்பால எனக்கு எப்டி மண்ட ஓடும்?"

திருவேற்காட்டில் அவருடைய வீட்டின் பின்போர்ஷனில் நான் குடியிருக்கிறேன். இரண்டு போர்ஷனுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். என் ரேடியோ சத்தம் அந்தப் பக்கம் போகக்கூடாது என்பதற்காக அதன் மேல் துண்டைப் போர்த்திக் கேட்கிறேன். வாசல் கேட்டில் ஒரு தகரப் பலகை தொங்கும்: 'அமைதி. விமானப் பணி அதிகாரி உறங்குகிறார்.' அதிகாரி பூந்தமல்லி மார்க்கெட்டில் வஞ்சிரத்தின் செவுளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்திலும் அது தொங்கும். கறிகாய்க்காரி அந்தத் தெருவை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு கடந்துபோவாள்.

விமான நிலையத்தில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அவர். எந்த விமானம் எந்த உயரத்தில் பறக்கலாம், எது காத்திருக்கவேண்டும், எது இறங்கலாம் என்று விமானிகளுக்குச் சொல்வது வேலை. அவர் உட்காரும் இடத்தில் விமானத்தைக் காட்டும் திரை எதுவும் கிடையாது. எதிரே ஒரு பலகை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதப் பட்டை. விமானி தான் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் சொல்லச் சொல்ல, பட்டையில் குறித்துக்கொண்டு, மொத்த வானத்தையும் மனத்துக்குள் வரைந்து வைத்திருக்கவேண்டும். கடினமான வேலைதான். அதை நான் மறுக்கவில்லை. மறுக்க அவர் யாருக்கும் இடம் கொடுத்ததும் இல்லை.

"மண்டைக்குள்ள பன்னண்டு ப்ளேன் ஓடினுகீது" என்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்காரனிடம் சொல்வார். முடி வெட்டும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார். ஆடி மாதம் அம்மன் கோயிலுக்கு ஒலிபெருக்கி கட்டவந்த துலுக்கானத்திடமும் சொன்னார். துலுக்கானம் கம்பத்தின் மேலிருந்தபடியே, "மொதல்ல அதுங்கள எறக்கி வுட்டுட்டு அப்பால தூங்கு நைனா" என்று பதில் சொல்லிவிட்டுக் கூம்பை அவர் வீட்டுப் பக்கமாகவே திருப்பிக் கட்டினான்.

வானத்துக்குக் கொடுத்ததுபோக அவரிடம் மீதி எதுவும் இருக்காது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதிரிலேயே நிற்பார். பால் பொங்கி, வழிந்து, பாத்திரம் கருகும். மகள் எந்த வகுப்பு என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது போன வருஷத்து வகுப்பைச் சொல்லிவிட்டு வந்தார். "சின்ன விஷயத்துக்கெல்லாம் எடம் இல்ல சார் இங்க" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார், மிகுந்த திருப்தியோடு.

சாராளுக்கு அம்பத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. அவளும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு வரியில் மதுரையையும் இன்னொரு வரியில் பம்பாயையும் பிடித்துக்கொண்டு உட்காருகிறவள்தான். "அது ஒரு வேலையா சார்? ஒயர எடுத்து ஓட்டைல சொருவறது" என்று அவள் எதிரிலேயே என்னிடம் சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஐப்பசி மழையில் நடந்ததைச் சொல்லவேண்டும். அவருக்குப் பக்கத்துப் பலகையில் உட்காரும் உத்தமன் என்ற ஆவடிக்காரர் பின்னால் எனக்குச் சொன்னது இது.

அன்று காலை மழையால் தாமதமான விமானங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. கிறிஸ்துதாஸ் அத்தனையையும் பிசகில்லாமல் நடத்தினார். உத்தமன் இதை அழுத்திச் சொன்னார். நெருக்கடி முடியும்போது மாற்று ஆள் வந்து பின்னால் நின்றார். கிறிஸ்துதாஸ் எழவில்லை. "இப்ப எழுந்தா படம் கலஞ்சிடும், நீ போ" என்று அனுப்பிவிட்டார். படத்தில் அப்போது இருந்தவை இரண்டே விமானங்கள்.

வேலை குறைந்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணிடம், சற்றுமுன் பன்னிரண்டையும் தாம் சமாளித்த கதையை ஆரம்பித்தார். கதையில் நாலாவது விமானமோ ஐந்தாவது விமானமோ வந்துகொண்டிருந்தபோது, நிஜமான ஒரு விமானி இன்னும் தாழ்வான உயரத்துக்கு இறங்க அனுமதி கேட்டார். பலகையைப் பார்க்காமலே அனுமதி கொடுத்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தார். அந்தத் தாழ்வான உயரத்திலேயே, எதிர்த்திசையிலிருந்து இன்னொன்று வந்துகொண்டிருந்தது.

உத்தமன் தன் இடத்திலிருந்து பாய்ந்து, மைக்கைப் பிடுங்கி, இறங்கத் தொடங்கிய விமானத்தை நிறுத்தினார். உள்ளே இருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. சாப்பாட்டுத் தட்டுக்காகக் காத்திருந்திருப்பார்கள்.

விசாரணை வந்தது. கிறிஸ்துதாஸைப் பலகையிலிருந்து விலக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். தெருவில் கேட்டவர்களிடம், "லீவ் நெறய சேந்துபோச்சு" என்றார். தகரப் பலகை மட்டும் இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உத்தமன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். இரவல் வாங்கிய செய்தித்தாளைத் திருப்பிக் கொடுக்கப் போன நானும் அங்கே இருந்தேன். நல்ல மனுஷர்; ஆறுதல் சொல்லத்தான் வந்தார்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. சார் விசாரணைல எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ஊட்ல ராத்திரி பூரா சண்ட, அந்த வாரம் கண்ணே மூடலன்னு. கொஞ்சம் அனுசரிச்சுப் போனீங்கன்னா..."

சாராள் தட்டைக் கீழே வைத்தாள். "எந்த வாரம் தம்பி?"

"மழ ஊத்துச்சே, அந்த வாரந்தான்."

"அந்த வாரம் பூரா நான் வேப்பம்பட்டுல இருந்தேன். எங்கம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன். பொண்ணும் என்னோடதான் இருந்துச்சு."

எனக்கும் நினைவு வந்தது. அந்த வாரம் சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட ஒரே சத்தம் அவருடைய குறட்டைதான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவரை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். வானத்தையே மண்டையில் வைத்திருப்பவர் ஜன்னலைப் பார்த்து, "உத்தமா, கெளம்பு. ஆவடி பஸ் போயிடும்" என்றார்.

பஸ் நிறுத்தம் வரை உத்தமனோடு நடந்தேன். தன் வாயால் இப்படி ஆகிவிட்டதே என்று அவருக்குக் கலக்கம். "தப்பு பண்ணதுக்குத் திரும்ப டிரெய்னிங் குடுத்து சேத்துக்குவாங்க சார். பொய் சொன்னது தெரிஞ்சா சீட்டு கிழிஞ்சிடும். ஊட்டு அம்மாவயும் கூப்ட்டு விசாரிக்கணும்னு பேசிகினுகீறாங்க" என்றார்.

நான் திரும்பி வந்தபோது சுவருக்கு அப்பால் ஒரு புதுக் குரல் கேட்டது. கெஞ்சும் குரல். அது கிறிஸ்துதாஸுடையது என்று புரியவே சற்று நேரம் ஆயிற்று.

"சாரா, யாராவது கேட்டா அந்த வாரம் இங்கதான் இருந்தேன்னு சொல்லிடு."

"இருந்து?"

"கொஞ்சம் சண்டன்னு... ஒரு வார்த்த. நான் இந்த வேலைய வுட்டா வேற இன்னா தெரியும் எனக்கு?"

"நான் உங்ககிட்ட சண்டையே போட்டதில்லீங்க" என்றாள். பிறகு, "இப்பதான் போடறேன்" என்றாள்.

அவளுக்கு அப்படி ஒரு தொண்டை இருப்பது எனக்குத் தெரியாது. தெருவுக்கே தெரியாது. எதிர்வீட்டுக் கன்னியம்மா துடைப்பத்தோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

"நானும் காதுல மாட்டிகினுதான் உக்காந்துகீறேன். ஒருத்தன் சாவு சேதி சொல்றான், லைன் கட்டாவக்கூடாது. இன்னொருத்தன் வாய்க்கு வந்தத பேசறான், பதில் பேசக்கூடாது. ஊட்டுக்கு வந்து ஒருநாளாவது உங்கள வாய மூடுன்னேனா? இந்த ஊட்ல காப்பிகூடக் கலக்காம குடுத்தேன். சத்தம் போடாத எனக்கு சண்டக்காரின்னு பேரு வச்சிட்டு வந்துகீறீங்க. நாளைக்கு நீங்களே போய் உள்ளதச் சொல்லுங்க. இல்லாகாட்டி அவங்க கூப்பிடற வரைக்கும் நிக்கமாட்டேன், நானே போவேன்."

அவர் பதில் சொன்னாரா என்று தெரியாது. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். காலையில் தேய்த்த சட்டையோடு போனார். கதை சொல்லிக்கொண்டிருந்ததையும், மனைவி ஊரிலேயே இல்லாததையும் மேலதிகாரியிடம் தன் வாயாலேயே சொன்னார். இதை உத்தமன் சொல்லித்தான் நம்பினேன். தண்ணீர் வாங்கிக் குடித்தாராம். அதிகாரி திட்டித் தீர்த்துவிட்டு, உத்தமனுக்குப் பின்னால் பயிற்சி ஆள்போல உட்காரச் சொன்னார். மழை போய், கிறிஸ்துமஸ் போய், மாசி முடியும் வரை தன்னைவிட இளையவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இத்தனைக்குப் பிறகு மனிதர் கொஞ்சம் சுருங்கியிருப்பார் என்று நீங்கள் நினைக்கலாம். தெருமுனைப் பெட்டிக்கடையில் அவர் சொன்னதை என் காதால் கேட்டேன்: "சின்னப் பசங்களுக்கு ஒண்ணுந் தெர்ல. பின்னால உக்காந்து பாத்துக்கன்னு என்னிய போட்டுகீறாங்க."

பங்குனியில் அவருடைய பலகை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. மாற்று ஆள் வந்து நின்றால் இப்போது எழுந்துவிடுகிறாராம். பேச்சை மட்டும் குறைக்கவில்லை.

போன ஞாயிறு எங்கள் சபையில் சாட்சி சொல்லும் நேரம். கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். ஒருவருக்கு மஞ்சள்காமாலை குணமாகியிருந்தது. ஒரு பையன் பாலிடெக்னிக்கில் தேறியிருந்தான். கிறிஸ்துதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். நான் அவர்களுக்கு நேர் பின்வரிசையில் இருந்தேன்.

"போன மழைக்காலத்துல எனக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. ஒரே நேரத்துல ஆகாயத்துல..."

சாராள் பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அவருடைய சட்டையின் பின்நுனியைப் பிடித்து ஒருமுறை இழுத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். போதகர் அடுத்த வரிசைக்குப் போனார். இழுத்த இடத்தில் துணி கசங்கியிருந்தது. அவள் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, உள்ளங்கையால் அதை நீவிவிட்டாள்.