முனியாண்டியின் சுருட்டைக் குப்பையில் போட்ட பெண்

பிறர் பெற்ற பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்கிற என் தொழிலில் சம்பளத்தைவிடப் பயம்தான் அதிகம். வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள் மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத் தோட்டங்களுக்குத் தொண்டு செய்ய வருவார்கள். விமான நிலையத்தில் ஏற்றிக்கொள்வதிலிருந்து பத்திரமாகத் திருப்பி அனுப்புவது வரை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிச் சுற்றுலா கூட்டிப்போய் ராத்திரியெல்லாம் தலை எண்ணிய ஆசிரியர்களே, உங்களுக்காவது என் பாடு புரியும்.

பக்கத்து வீட்டு இட்லி

போன முறை சிடாம் கிரி பக்கம் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு ஆஸ்திரேலியப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். பாலர் பள்ளிக்குச் சாயம் அடிப்பதுதான் வேலை. ஹன்னா என்ற பெண்ணை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், லெட்சுமி அக்கா வீட்டில் தங்க வைத்தேன். யார் கூப்பிட்டாலும் உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிடுகிற நல்ல பிள்ளை. காரமோ, தண்ணீரோ, எது ஒத்துக்கொள்ளாமல் போகுமோ என்று எனக்குக் கவலை. லெட்சுமி அக்காவின் கவலையோ வேறு.

"என் வீட்டுல தங்கிக்கிட்டு பக்கத்து வீட்டு இட்லிய தின்னா, லயத்துல என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க மணி?"

சுத்தம் செய்த மரத்தடி

ஒருநாள் காலையில் எல்லாரும் சேர்ந்து கோத்தோங் ரோயோங். ஊர் கூடிச் சுத்தம் செய்வது தெரியுமே, அதுதான். பிள்ளைகள் உற்சாகமாக ஆளுக்கொரு திசையில் போனார்கள். நான் சாய டின்களை இறக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஹன்னா ஒரு பிளாஸ்டிக் பையோடு ஓடி வந்தாள். முகத்தில் அப்படியொரு பெருமை! "அவ்வளவு அழகான மரத்தடியில யாரோ குடிச்சிட்டு அப்படியே போட்டுட்டுப் போயிருக்காங்க" என்றாள் ஆங்கிலத்தில்.

பையைத் திறந்து பார்த்தேன். சுருட்டு, பீர் போத்தல், வாடிய மாலை, சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழம். ஐயோ தெய்வமே! முனியாண்டிக்கு வைத்த படையலை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த மரத்தைத் தாண்டாமல் யாரும் வேலைக்குப் போக முடியாது. தோட்டமே சண்டைக்கு வரப்போகிறது என்று பையைச் சட்டென மூடினேன். லெட்சுமி அக்கா பையை வாங்கி, அவள் தலையைத் தடவினார்.

"அது குப்பை இல்ல கண்ணு, அவரு சாப்பாடு."

காய்ச்சல்

மறுநாள் மத்தியானம் ஹன்னாவுக்கு அனலாய்க் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதாம். எனக்கு டிங்கியாக இருக்குமோ என்று பயம். லயத்துக்கு முனியாண்டி பயம். "சாமி குத்தம், முதல்ல அங்க கொண்டுபோங்க" என்று வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு என்று நான் கத்துகிறேன், யார் காதிலும் ஏறவில்லை. சாமியே கிடையாது என்று சொல்கிறவள் அல்ல நான். ஆனால் இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? லெட்சுமி அக்கா ஒரு புதுச் சுருட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, வாசலில் நின்ற என் காரைக் காட்டினார்.

"நீ காடிய எடு லா மணி, மரத்துகிட்ட ஒரு நிமிசம் நிறுத்து, அவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

வார்டு வாசலில்

டிங்கியேதான். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. அவள் அம்மா போனில் அழைத்தார். அந்தப் பக்கம் அழுகை, இந்தப் பக்கம் நான் "சரியாகிவிடும், சரியாகிவிடும்" என்று உளறிக்கொண்டிருந்தேன். நம்பிக்கை எனக்கே இல்லை.

துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம், அதுவும் குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும் என்றார் மலாய்க்கார நர்ஸ்; எங்கள் பேச்சில் மிஸ்ஸி. கட்டிலில் செம்பட்டை முடியும் பூனைக்கண்ணுமாகக் கிடக்கிறாள் பெண். அவளுக்குக் குடும்பம் எங்கே இருக்கிறது இங்கே? அதற்குள் லெட்சுமி அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நீங்கள் யார் என்று மிஸ்ஸி கேட்டதற்கு, தனக்குத் தெரிந்த மலாயில் பதில் சொன்னார்.

"என் மகதான் மிஸ்ஸி, பார்த்தா தெரியலையா?"

ஹன்னா தேறி நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாள்; தொண்டு செய்ய வந்தவளுக்குத் தோட்டமே தொண்டு செய்ததை மேலிடத்துக்கு எப்படி எழுதி அனுப்புவது என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.