எண்பத்தைந்து அடி

சித்தப்பா வீட்டு வாசலில் அடிபம்பு போட்ட கோடையில் நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டிலும் தறி ஓடியது. தண்ணீருக்கு அதுவரை இரண்டு வீட்டாரும் தெருக்கோடிக் கிணற்றுக்குத்தான் போனோம். சித்தப்பா போர் இறக்கியபோது நாற்பது அடியிலேயே ஆற்றுமணல் வந்துவிட்டது. கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தினாலே குடம் நிறைந்து வழியும்.

சித்தப்பா மகளுக்கும் என் வயதுதான். அவள் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எங்களையும் அங்கேயே பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள் சித்தி. நான் மட்டும் போகமாட்டேன். கிணற்றிலிருந்து குடம் சுமந்து வந்து, சித்தப்பா மகள் கண்ணில் படும்படி வாசலில் இறக்கிவைத்து மூச்சு வாங்குவேன். அப்பா சாப்பிட உட்கார்ந்தால், நமக்கு எப்போது பம்பு என்று அழ ஆரம்பித்துவிடுவேன்.

ஆடி பிறப்பதற்குள் எங்கள் வாசலிலும் ஆட்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்கள். நாற்பது அடியில் களிமண். அறுபதிலும் களிமண். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் போலாமா, வுட்டுடலாமா? இதுக்குமேல அடிக்கு அடி ரேட்டு ஏறும்பா" என்றார். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா உள்ளே போய் வந்தபோது காதில் கம்மல் இல்லை, வேப்பங்குச்சி இருந்தது.

எண்பத்தைந்தில் ஒருவழியாக மணல் கண்டது. மெல்லிய படுகைதான். அரைக்குடம் நிரம்பியதும் பம்பு வெறும் காற்றை இழுக்கும். மறுபடி ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. சித்தப்பா மகளிடம் ஓடிப்போய், "உங்களுது நாப்பதுதான். எங்களுது எம்பத்தஞ்சு அடி, தெரிமா" என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. தங்களுக்கும் எண்பத்தைந்து வேண்டும் என்று சித்தப்பாவிடம் அழுதாள். சித்தப்பா சிரிக்கவில்லை. சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்து பம்பை அடித்துப் பார்த்துவிட்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் ஆழத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே, "எத்தினி அடின்னு யாராண்டையும் சொல்லிக்கினு இருக்காதம்மா" என்றாள். பின்னல் நின்றது; திரும்பிப் பார்த்தேன், காதிலிருந்த வேப்பங்குச்சியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஊர்க்கண் பட்டுவிடும் என்று அம்மா பயப்படுவதாக நினைத்துக்கொண்டேன். அப்படிக் கண் படும்படி ஒரு பொருள் கடைசியில் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.